பாஷை விசாரம்: "முடித்திருப்பேன்"

பிரெஞ்சு பாஷை கற்கப் புகுந்தவர்களில் பலர், புத்தகத்தில் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்ததும் அதை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். முதல் சில மாதங்கள் உற்சாகமாகவே கழிகின்றன. வந்தனம் சொல்லவும், விலை கேட்கவும், வழி விசாரிக்கவும் தெரிந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் "ஃப்யுத்யூர் ஆந்தேரியேர்" என்றொரு தலைப்பு குறுக்கே வந்து நிற்கிறது. எதிர்காலத்துக்கு முன்னால் நிகழ்ந்து முடிந்த காலம் என்று அதற்குப் பொருள். வரப்போகிறதற்கு முன்னால் முடிந்து போனதா? இது என்ன வேதாந்தம் என்று மாணாக்கன் திகைக்கிறான். உபாத்தியாயரோ, இங்கிலீஷில் "வில் ஹாவ் ஃபினிஷ்ட்" என்பதுதான் இது என்று ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். அந்த இங்கிலீஷ்ப் பிரயோகத்தை அந்த மாணாக்கன் தன் ஆயுளில் ஒரு தடவையேனும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டான். தெரியாத ஒன்றைத் தெரியாத மற்றொன்றால் விளக்கினால் என்ன விளங்கும்?

ஆனால் அதே மாணாக்கன் அன்று காலையில் தன் தாயாரிடம், "அப்பா இந்நேரம் ரயில் ஏறியிருப்பார், அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வந்திருப்பான். மாலையில் தோழனிடம், "ஆறு மணிக்குள் கணக்கையெல்லாம் முடித்திருப்பேன், பிறகு வா" என்பான். இந்த இரண்டு வாக்கியங்களிலும் உள்ள வினைச்சொல்தான் பிரெஞ்சுக்காரர்களுடைய ஃப்யுத்யூர் ஆந்தேரியேர். பெயர்தான் புதிது; பொருள் தொட்டிலில் கற்றது.

தமிழ்நாட்டில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பாஷையைப் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். 1947-ல் நாட்டை விட்டு இங்கிலீஷ்காரன் கப்பலேறினான். 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் ஆகிய ஊர்களின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து நம் கைக்கு வந்தது. 1962-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி சட்டரீதியான கைமாற்றமும் பூர்த்தியாயிற்று. இரண்டு ராஜ்யங்களும் போய்விட்டன. ஆயினும் ஒருவனுடைய பாஷையைக் கற்க மற்றொருவனுடைய பாஷையின் வாசலில் போய்க் காத்திருக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. இதில் ரோஷம் பாராட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சுற்று வழி மாணாக்கனைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது என்பதே நமது முக்கியமான குறை. எப்படி என்பதைக் காட்டவே இந்த வாரப் பகுதி.

முதலில் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுச் சொற்களை நம் எழுத்தில் எழுதுவது பிறர் சட்டையை நாம் போட்டுக்கொள்வது போலத்தான்; தோளில் சற்றுத் தொங்கும். கீழே "ஜ" என்று எழுதியிருப்பதைப் பல்லில் அழுத்தாமல் மெத்தென்று சொல்ல வேண்டும். "யூ" என்று மெய்யெழுத்தை ஒட்டி வருமிடத்தில், உதட்டை "ஊ" என்பதற்குக் குவித்து வைத்துக்கொண்டு "ஈ" என்று ஒலிக்க வேண்டும். "ஓன்", "ஆன்", "ஏன்" என்று முடிகிறவற்றில் னகரம் நாக்கில் படாமல் மூக்கோடு நின்றுவிடும். ரகரம் தொண்டையிலிருந்து வரும். இவ்வளவு போதும், மிச்சத்தைப் பிரெஞ்சு பேசுகிறவர் ஒருவரைக் கண்டால் காதால் கேட்டுக்கொள்ளலாம்.

இனி அமைப்பு. தமிழில் "முடித்திருப்பேன்" என்பதைப் பிரித்தால் "முடித்து" என்றும் "இருப்பேன்" என்றும் இரண்டு துண்டுகளாகும். வேலை முடிந்துவிட்டது என்பதை முதல் துண்டு சொல்கிறது. "இரு" என்ற துணைவினை எதிர்காலத்தையும், செய்கிறவன் யார் என்பதையும் சொல்கிறது. பிரெஞ்சிலும் துண்டுகள் இரண்டே. வரிசைதான் தலைகீழ். துணைவினை முன்னே வரும். முடிந்ததைக் காட்டும் சொல் பின்னே வரும். "ஜோரே ஃபினி" என்றால் "முடித்திருப்பேன்". "ஜோரே" என்பது "ஜ" என்னும் "நான்" பதமும் "ஓரே" என்னும் துணைவினையும் புணர்ந்தது. "ஃபினி" என்பது "முடித்து".

இந்த "ஓரே" என்பது "அவ்வார்" என்ற வினையின் எதிர்கால உருவம். உடைமையைக் குறிப்பது "அவ்வார்". தமிழில் உடைமைக்கென்று இப்படித் தனி வினை இல்லை. "எனக்கு நிலம் இருக்கிறது" என்று "இரு" என்பதைக் கொண்டே சமாளித்துக்கொள்கிறோம். பிரெஞ்சுக்காரனோ, ஒரு வேலையை முடித்ததைக்கூடத் தன் சொத்தாகப் பாவித்து, "முடிந்ததை உடையவனாவேன்" என்கிறான். அவ்வாரின் எதிர்கால உருவங்கள் ஆறையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஜோரே, த்யூ ஓரா, இலோரா, நூஸோரோன், வூஸோரே, இல்ஸோரோன். முறையே நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள். "நூ", "வூ", "இல்" என்ற பதங்களுக்குப் பின் ஒலிக்கும் ஸகரம் இரண்டு சொற்களும் சேரும்போது பிறக்கும் ஒலி. அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஓரே, ஓரா, ஓரா, ஓரோன், ஓரே, ஓரோன். எழுத்தில் ஆறு விதமாக எழுதப்படுவது காதில் மூன்றே ஒலிதான்! பிரெஞ்சு எழுத்துக்கூட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் முதலில் காதை நம்பலாம்.

இந்த "ஓரே" எப்படிப் பிறந்தது என்பதும் சுவையான விஷயம். பிரெஞ்சின் தாயாகிய லத்தீனைப் பாமர மக்கள் பேசிய காலத்தில், பழைய எதிர்கால விகுதிகள் வழக்கொழிந்து போய், "பாட உடையேன்", "முடிக்க உடையேன்" என்ற மாதிரியில் ஒரு புது எதிர்காலம் தோன்றிற்று. அந்த "உடையேன்" நாளடைவில் தேய்ந்து வினையோடு ஒட்டி விகுதியாகவே ஆகிவிட்டது. ஆகவே "ஓரே" என்பதன் ஆதி உருவம் "ஹபேரே ஹபேயோ". அதாவது "உடைத்தாயிருக்க உடையேன்". "ஜோரே ஃபினி" என்று சொல்லும் பிரெஞ்சுக்காரன் தன்னையறியாமல் ஒரே மூச்சில் இரண்டு தடவை உடைமை கொண்டாடுகிறான்.

எல்லா வினைகளுக்கும் அவ்வார் துணை வருவதில்லை. போதல், வருதல், புறப்படுதல், வந்து சேர்தல், நுழைதல், வெளியேறுதல், ஏறுதல், இறங்குதல், பிறத்தல், இறத்தல், தங்குதல், விழுதல் முதலிய ஒரு சிறு கூட்டத்துக்கு "எத்ர்" என்ற வினை துணை. "எத்ர்" என்றால் அசல் நம்முடைய "இரு"! அதன் எதிர்காலம் ஸரே, ஸரா, ஸரா, ஸரோன், ஸரே, ஸரோன். "எல் ஸரா பார்த்தி" என்றால் "அவள் புறப்பட்டிருப்பாள்". இங்கே தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் இடையே மொழிபெயர்ப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. துண்டுக்குத் துண்டு ஒத்துப் போகிறது. இங்கிலீஷில் இந்தக் கூட்டத்துக்கும் உடைமை வினையையே சேர்க்கிறார்கள். அவ்வழியே வந்த மாணாக்கன் "எல் ஓரா பார்த்தி" என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறான். "போயிருப்பாள், வந்திருப்பாள்" என்று வீட்டில் பேசுவதை நினைத்துக்கொண்டவன் இழப்பதில்லை. (ஏறுதல், இறங்குதல் போன்ற சில வினைகள், ஏற்றுதல், இறக்குதல் என்று செயப்படுபொருள் கொள்ளும்போது அவ்வார் கட்சிக்கு மாறிவிடும். அந்தக் கட்சித் தாவலை இன்று கிளப்ப வேண்டாம்.)

எத்ர் துணையாக வந்தால் ஒரு விதி கூடவே வரும். பின்னே நிற்கும் சொல், எழுவாய் பெண்பாலானால் பெண்பாலாகவும், பன்மையானால் பன்மையாகவும் எழுதப்பட வேண்டும். "புறப்பட்டிருப்பாள்" என்பதில் தமிழ் தன் பாலையும் எண்ணையும் வினையின் வாலில் வைக்கிறது. பிரெஞ்சு அதைப் "பார்த்தி" என்ற சொல்லின் கடைசி எழுத்தில் வைக்கிறது. காதுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

தன்னைத் தானே செய்துகொள்வதாக வரும் வினைகளுக்கும் எத்ர்தான். "எல் ஸ ஸரா லவே" என்றால் படுக்கையை விட்டு எழுந்துவிட்டிருப்பாள் என்று பொருள். இவ்விடத்தில் நம் தமிழும் ஒரு கணம் தடுமாறுகிறது. "எழுந்திருப்பாள்" என்றால் இனிமேல் எழுவாளா, ஏற்கனவே எழுந்தாயிற்றா? இரண்டும் பொருந்தும். அடுப்பங்கரையில் பாத்திரம் உருளும் சத்தத்தைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

எதிர்மறை எளிது. "முடித்திருக்க மாட்டேன்" என்பதற்கு "ஜ நோரே பா ஃபினி" என்பார்கள். இல்லை என்பதைக் காட்டும் இரண்டு துண்டுகளும் துணைவினையை இரு பக்கமும் அணைத்துக்கொள்ளும். "ஃபினி" எட்டத்தில் நிற்கும். தமிழிலும் "முடித்து" என்பது தொடப்படாமல் இருக்க, "இரு" என்பதுதானே "இருக்க மாட்டேன்" என்று மாறுகிறது?

இனிப் பிரயோகத்துக்கு வருவோம். "தமேன் ஆ மிதி, ஜோரே ஃபினி" என்றால் "நாளை நண்பகலில் முடித்திருப்பேன்". எதிர்காலத்தில் ஒரு முளை அடித்து, அந்த முளைக்கு முன்பாகவே காரியம் நிறைவேறிவிடும் என்று கூறுவது இது. இதில் யாருக்கும் சிரமம் இல்லை, மேலே செல்லலாம்.

சிரமம் தொடங்குவது "கான்" என்ற சிறு சொல்லில். "கான்" என்றால் "எப்பொழுதோ அப்பொழுது". வைத்தியர் ஒருவர் குழந்தைக்கு மருந்து கொடுத்து, "குழந்தை சாப்பிட்டதும் மருந்தை உட்கொள்வான்" என்று பிரெஞ்சில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதுவது: "கான்திலோரா மான்ஜே, இல் ப்ரான்த்ரா ஸோன் மெதிகாமான்." அவரே "கான்தில் மான்ஜரா" என்று எழுதினால் "சாப்பிடும்போது" என்று அர்த்தம் மாறிவிடும். முன்னது சாப்பாட்டுக்குப் பின், பின்னது சாப்பாட்டோடு. சில மருந்துகளின் விஷயத்தில் இந்த வித்தியாசம் வயிற்றுக்குத் தெரியும்.

இங்கிலீஷ் வழி வந்தவன் இவ்விடத்தில் கட்டாயம் வழுக்கி விழுவான். ஏனெனில், இங்கிலீஷில் "எப்பொழுது" என்ற சொல்லுக்குப் பின் இத்தகைய வாக்கியத்தில் எதிர்காலத்தை நுழைய விடமாட்டார்கள். நிகழ்கால உருவத்தையே வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவன் "கான்தில் ஆ மான்ஜே" என்று எழுதுவான். பிரெஞ்சுக்காரன் காதில் அது, எப்போதோ சாப்பிட்ட பழைய கதையாகவோ, தினந்தோறும் நடக்கும் வழக்கமாகவோ விழும். பிரெஞ்சின் நியாயம் நேரானது. மருந்து உட்கொள்வது நாளை என்றால், அதற்கு முன் சாப்பிடுவதும் நாளைதானே? நாளை நடப்பதை நாளையின் உருவத்தில் சொல் என்கிறது அது.

தமிழ் இதில் என்ன செய்கிறது? "சாப்பிடும்போது" என்பதில் எதிர்காலப் பெயரெச்சம். "சாப்பிட்டதும்", "சாப்பிட்ட பிறகு", "சாப்பிட்டவுடன்" என்பவற்றில் இறந்தகால உருவம். இந்த ஒரு வேறுபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும். வாக்கியத்தின் முடிவு வினை எதிர்காலமாக இருந்து, அதற்கு முன் தமிழில் "சாப்பிடும்" என்ற உருவம் வந்தால் பிரெஞ்சில் சாதாரண எதிர்காலம். "சாப்பிட்ட" என்ற உருவம் வந்தால் ஃப்யுத்யூர் ஆந்தேரியேர். "லோர்ஸ்க", "தெ க", "ஓஸித்தோ க", "அப்ரே க" என்று வரும் அந்தப் பொழுது, உடனே, பின்பு என்ற பொருளுள்ள மற்றத் தொடர்களுக்கும் இதே உரைகல்தான். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நாம் கண்டதில்லை. காரணம், அந்தப் புத்தகங்கள் தமிழனை நினைத்து எழுதப்பட்டவை அல்ல.

"அப்ரே க" என்று சொன்னதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. "பின்பு" என்ற பொருளுள்ள இந்தத் தொடருக்குப் பிறகு நிச்சயத்தைக் காட்டும் உருவமே வரவேண்டும் என்பது இலக்கணம். பிரெஞ்சுக்காரர்களிலேயே மிகப் பலர், "முன்பு" என்ற பொருளுள்ள "அவான் க" என்ற தொடருக்குரிய ஐயப்பாட்டு உருவத்தை இதற்கும் போட்டுப் பேசுகிறார்கள். இலக்கணப் பண்டிதர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நாம் சரியாகக் கற்றுக்கொண்டால் அவர்கள் ஊரிலேயே அவர்களைத் திருத்தலாம்! ஆனால் விருந்துக்குப் போன இடத்தில் அப்படிச் செய்யாமல் இருப்பது உத்தமம்.

"அவன்" என்ற ஒருவன் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. வீட்டில் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "மறந்திருப்பான்" என்கிறாள் பாட்டி. "ரயிலைத் தவறவிட்டிருப்பான்" என்கிறார் தாத்தா. இவ்விரண்டும் நடந்து முடிந்த காரியத்தைப் பற்றிய பேச்சு. ஆயினும் வினை எதிர்கால உருவத்தில் இருக்கிறது. ஏன்? நடந்ததா என்பது இன்னும் நமக்குத் தெரியவில்லை. தெரியவரும்போது இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். காரியம் பின்னால் கிடக்கிறது. அதைப் பற்றிய நிச்சயம் முன்னால் இருக்கிறது. பிரெஞ்சிலும் பாட்டி "இலோரா ஊப்லியே" என்பாள். தாத்தா "இலோரா மான்கே ல த்ரேன்" என்பார். பாரிஸ் நகரத்துத் திண்ணை நமது திண்ணையைப் போலவே பேசுகிறது.

நடந்ததற்கு மாத்திரம் அன்றி, நடப்பதற்கும் இந்த ஊகம் உண்டு. வாசல் மணி அடித்தால், "ஸ ஸரா ல ஃபாக்தேர்" என்பார்கள்: "தபால்காரராக இருக்கும்". அங்கும் எதிர்காலம், இங்கும் எதிர்காலம். ஆனால் நிகழ்காலத்தைப் பற்றிய இந்த ஊகத்தைப் பிரெஞ்சில் எத்ர், அவ்வார் என்ற இரண்டு வினைகளோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார்கள். தமிழில் அப்படி வரம்பு இல்லை. "இந்நேரம் தூங்குவான்" என்று எந்த வினையோடும் சொல்லலாம்.

ஊகத்திலும் படிகள் உண்டு. இந்த இடத்தில்தான் இரண்டு பாஷைகளும் கைகோத்து நடப்பதைக் கண்டு நமக்கு ஆச்சரியம் உண்டாகிறது. "மறந்திருக்கலாம்" என்று நாம் மெதுவாகச் சொல்லும் இடத்தில் பிரெஞ்சில் "ஒருவேளை" என்ற பொருளுள்ள "பே தெத்ர்" என்பதை இடையில் வைத்து, "இல் ஆ பே தெத்ர் ஊப்லியே" என்பார்கள். "மறந்திருக்க வேண்டும்" என்று நாம் அழுத்திச் சொல்லுமிடத்தில், கடமையைக் குறிக்கும் வினையை வைத்து "இல் ஆ த்யூ ஊப்லியே" என்பார்கள். கடமைச் சொல்லே ஊகச் சொல்லாவது நம்மிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே, "மறந்திருப்பான்" என்ற இடத்தில் "இலோரா ஊப்லியே" நிற்கிறது. இக்காலத்துப் பேச்சில் கடமைச் சொல்லே அதிகமாக அடிபடுகிறது. ஃப்யுத்யூர் ஆந்தேரியேர் சற்று எழுத்து நடையின் மணம் கொண்டது. தமிழ் வீடுகளிலோ "மறந்திருப்பான்" என்பதற்கு எந்த மணமும் இல்லை. அது அன்றாடச் சோறு.

இவ்வளவு தூரம் ஒன்றாக வந்த இரண்டு பாஷைகளும் ஓரிடத்தில் திடீரென்று பிரிகின்றன. அங்கேதான் தமிழன் கண்ணை அகல விழித்துக்கொள்ள வேண்டும்.

அயலூரில் உள்ள ஒருவர் கடன் கொடுத்தவருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதுகிறார். "பொங்கலுக்குள் கடனை அடைத்திருப்பேன்" என்று எழுத விரும்புகிறார். "ஜோரே பேயே" என்று எழுத வேண்டும். ஆனால் "ஓரே" என்பதன் கடைசியில் "எஸ்" என்ற ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்துவிடுகிறார். ஒலி சற்றே அகன்று "ஓரெ" ஆகிறது. பல பிரெஞ்சுக்காரர் வாயில் அந்த வித்தியாசம்கூட இல்லை. இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். பொருளோ முற்றிலும் வேறு. "ஜோரெ பேயே" என்றால், "ஏதோ தடை இல்லாதிருந்தால் அடைத்திருப்பேன், ஆனால் அடைக்கவில்லை" என்று ஆகிவிடும். ஓர் எழுத்தால் வாக்குறுதி சாக்குப்போக்காக மாறிவிட்டது! கடன் கொடுத்தவர் வக்கீலைத் தேடிப் புறப்பட்டால் ஆச்சரியம் இல்லை.

இந்தத் தவறு தமிழனுக்கு ஏன் எளிதாக நேர்கிறது என்றால், தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். "நாளைக்குள் அடைத்திருப்பேன்", "நீ சொல்லியிருந்தால் நேற்றே அடைத்திருப்பேன்." நடக்கப்போவதற்கும் நடக்காமலே போனதற்கும் நாம் வேறுபாடு காட்டுவதில்லை. முன்னே வரும் "இருந்தால்" என்பதைக் கொண்டும், குரலில் உள்ள வருத்தத்தைக் கொண்டும் கேட்கிறவர் புரிந்துகொள்கிறார். பிரெஞ்சில் இரண்டாவது பொருளுக்குரியது வேறோர் உருவம். நிபந்தனையின் இறந்தகாலம் என்று அதற்குப் பெயர். "ஸி த்யூ எத்தெ வன்யூ, ஜோரெ ஃபினி": நீ வந்திருந்தால் முடித்திருப்பேன். ஆகவே தமிழில் "திருப்பேன்" என்று வந்தவுடன் பேனாவை ஓட விடாமல், "அது நடந்ததா, நடக்கப் போகிறதா, அல்லது நடக்கவே இல்லையா?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்கவே இல்லை என்று விடை வந்தால் அது ஃப்யுத்யூர் ஆந்தேரியேர் அல்ல.

கூடவே ஒன்று. நிபந்தனையைக் காட்டும் "ஸி" என்ற சொல்லை, அதாவது நம்முடைய "ஆல்" விகுதியை, ஒட்டி ஃப்யுத்யூர் ஆந்தேரியேர் ஒரு நாளும் வராது. "முடித்திருந்தால்" என்பதற்கு "ஸி" என்ற சொல்லோடு "ஓரா" என்பதைச் சேர்த்து எழுதுகிறவனைப் பிரெஞ்சு உபாத்தியாயர்கள் மன்னிப்பதே இல்லை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் இதற்கென்றே சிறுவர்களுக்கு மனப்பாடச் சூத்திரம் உண்டு.

இனித் தமிழ் உருவம் துணை செய்யாத மற்றோர் இடம். பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் படிக்கிறவர்களுக்கு இது அடிக்கடி எதிர்ப்படும். "பாரதி ஓரா வேக்யூ தீஸான் ஆ போந்திஷேரி" என்று ஒரு கட்டுரையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், "பாரதி புதுச்சேரியில் பத்து வருஷம் வாழ்ந்திருப்பார்" என்று வரும். தமிழ்க் காதில் அது சந்தேகம் போல் ஒலிக்கிறது. ஆசிரியருக்கு வருஷக் கணக்கு நிச்சயமாகத் தெரியாது போலும் என்று எண்ணிவிடுவோம். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தது ஊரறிந்த விஷயம் ஆயிற்றே, இதில் என்ன சந்தேகம் என்று கட்டுரை ஆசிரியர்மேல் கோபமும் வரும். அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வாழ்க்கையோ, ஒரு போராட்டமோ, ஒரு பதவியோ முடிந்த பிறகு தூர நின்று மொத்தக் கணக்குப் பார்த்துச் சொல்லும்போது பிரெஞ்சுக்காரர்கள் இந்த உருவத்தைக் கையாளுவார்கள். "கடைசியில் பார்க்கப்போனால், பத்து வருஷம் வாழ்ந்து தீர்த்தார்" என்பது அதன் தொனி. தமிழில் "வாழ்ந்தார்" என்றே மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் காலமானதும் வரும் செய்திகளில் இப்பிரயோகத்தைப் பார்த்துவிட்டு, "செய்திருப்பார், எழுதியிருப்பார்" என்று மொழிபெயர்த்தால், இறந்தவருடைய தொண்டு முழுவதும் வதந்தியாகிவிடும்.

இதே தொனி வியப்பிலும் வரும். ஏதாவது அநியாயத்தையோ அதிசயத்தையோ கண்டால் "ஓனோரா தூ வ்யூ!" என்பார்கள். "எல்லாவற்றையும் பார்த்திருப்போம்" என்பது சொல்; "இதையும் பார்க்க வேண்டியதாயிற்றே!" என்பது பொருள்.

பழைய பிரெஞ்சுச் சட்டங்களிலும் இந்த உருவம் நிறைய உண்டு. 1810-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் "கிகோங்க்" என்ற "எவனொருவன்" பதமும் "ஓரா" என்ற துணைவினையும் வரும் பிரிவுகள் பல. அந்த மாதிரியில் நாமே ஒரு வாக்கியம் அமைத்தால், "கிகோங்க் ஓரா வோலே ஸரா ப்யுனி" என்று வரும். திருடியவன் எவனும் தண்டிக்கப்படுவான் என்று பொருள். தீர்ப்பு நாளிலிருந்து திரும்பிப் பார்த்தால் திருட்டு அதற்கு முந்தியது. சட்டம் எழுதிய நாளிலிருந்து பார்த்தால் இனிமேல் நடப்பது. ஆகவே இந்த உருவம் பொருத்தமே. இதைத் தமிழில் "எவன் திருடியிருப்பானோ" என்று பெயர்த்தால், சந்தேகத்தின் பேரிலேயே சிறைக்கு அனுப்புகிற சட்டமாக அது மாறிவிடும். "திருடிய எவனும்" என்று பெயரெச்சத்தால் சொல்வதே சரி. 1994-ம் வருஷம் மார்ச்சு 1-ந் தேதி அமலுக்கு வந்த பிரான்ஸின் புதிய தண்டனைச் சட்டம் குற்றங்களை நிகழ்காலத்திலேயே வரையறுக்கிறது. ஆனால் புதுவையிலும் காரைக்காலிலும் பழைய பத்திரங்களையும் தீர்ப்புகளையும் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்க முயலும் பேரன்மார்கள் "ஓரா" என்ற சொல்லைக் கண்டதும் ஊகம் என்று நினைத்துவிடாமல் இருக்க வேண்டும்.

நமது பழைய இலக்கணங்கள் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று காலத்தை மூன்றாகவே வகுத்தன. பவணந்தி முனிவரின் நன்னூலைப் படித்துவிட்டு "முடித்திருப்பேன்" என்பதற்குத் தனிப் பெயர் தேடினால் கிடைக்காது. பெயர் இல்லாததால் அப்பொருளே தமிழுக்கு இல்லை என்று இங்கிலீஷ் இலக்கணம் படித்த சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு காலங்களைப் பெட்டி போட்டு மனப்பாடம் செய்த பெருமை அவர்களுக்கு. அவர்கள் வீட்டுச் சமையற்கட்டில் அந்தக் காலங்கள் பெயரில்லாமலே புழங்கிக்கொண்டிருக்கின்றன.

நேயர்கள் பரீட்சித்துப் பார்ப்பதற்காக நான்கு வாக்கியங்கள் தருகிறோம். கடிதம் என்பதற்கு "லெத்ர்", எழுதி என்பதற்கு "எக்ரி" என்று மட்டும் சொல்லிவைக்கிறோம். எக்ரிக்குத் துணை அவ்வார்.

அண்ணா இந்நேரம் கடிதம் எழுதியிருப்பார்.

நீ கேட்டிருந்தால் நேற்றே கடிதம் எழுதியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கடிதத்தை எழுதியிருப்பேன்.

அண்ணா கடிதத்தை எழுதியதும் நாம் தபாலில் சேர்ப்போம்.

நான்கில் மூன்றுக்கே ஃப்யுத்யூர் ஆந்தேரியேர் பொருந்தும். பொருந்தாதது எது என்பதையும், மற்ற மூன்றில் "ஓரே" எங்கே, "ஓரா" எங்கே என்பதையும் குழந்தைகளும் பெரியவர்களுமாகச் சேர்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடைகள் அடுத்த இதழில்.